ஒற்றைச்சக்கர மின்வண்டியை எங்கே ஓட்டலாம்?

எலக்ட்ரிக் யூனிசைக்கிள் எனப்படும் ஒற்றைச்சக்கர மின்வண்டியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கருத்துகள் உறுதியாகச் சொல்லப்படுகின்றன. மிதிவண்டியைப் போல இலகுவானது, புகை விடாதது, ஆகவே மிதிவண்டி போகும் இடமெல்லாம் இதுவும் போகலாம் என்பது ஒன்று. கடைகளில் வெளிப்படையாக விற்கிறார்கள், ஆகவே சாலையில் ஓட்டத் தடை இருக்க முடியாது என்பது மற்றொன்று. இரண்டுமே பல நாடுகளில் தவறு. ஒரு பொருளை விற்பதற்கான சட்டம் வேறு, அதைப் பொதுச்சாலையில் இயக்குவதற்கான சட்டம் வேறு.

குழப்பத்துக்குக் காரணம், 'எங்கே ஓட்டலாம்' என்ற கேள்விக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடப்பதுதான். சட்டம் எங்கே அனுமதிக்கிறது என்பது முதலாவது. வண்டி தவறாமல் தன் வேலையைச் செய்யக்கூடிய இடம் எது என்பது இரண்டாவது. சட்டம் அனுமதித்த இடம் ஆபத்தாக இருக்கலாம். ஆபத்தே இல்லாத இடம் தடைசெய்யப்பட்டிருக்கலாம். இவற்றைப் பிரித்துப் பார்க்க, இந்த வண்டி எப்படி நிற்கிறது, எப்போது விழுகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. சட்டங்கள் இதை மற்ற வண்டிகளிலிருந்து வேறுபடுத்தி நடத்துவதற்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது.

வண்டி எப்படி நிற்கிறது

ஒரு நீண்ட கம்பை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இந்த வண்டியின் அடிப்படை ஏற்கெனவே தெரியும். கம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் கம்பு மீண்டும் நிமிரும். சாய்வை நிறுத்தாமல் நடந்துகொண்டே போனால், சாய்ந்த கம்போடு முன்னேறவும் முடியும். ஒற்றைச்சக்கர மின்வண்டியில் கம்பின் இடத்தில் ஓட்டுபவரின் உடலும், கையின் இடத்தில் சக்கரமும் இருக்கின்றன.

சாய்வைக் கண்டறியும் வேலையை உணரிகள் செய்கின்றன. உணரி என்பது சாய்வு, சுழற்சி, முடுக்கம் போன்றவற்றை அளந்து மின்குறிப்பாக மாற்றித் தரும் சிறு கருவி. கட்டுப்பாட்டுச் சுற்று அந்த அளவை நொடிக்குப் பல நூறு முறை படித்து, சக்கரத்துக்குள்ளேயே பொருத்தப்பட்ட மோட்டாருக்கு எவ்வளவு மின்சாரம் அனுப்ப வேண்டும் என்று கணக்கிடுகிறது. ஓட்டுபவர் முன்னால் சாய்ந்தால் மோட்டார் முன்னோக்கி வேகம் கூட்டுகிறது. பின்னால் சாய்ந்தால் அதே மோட்டார் வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்துகிறது.

முன்பின் சமநிலையை மட்டுமே மோட்டார் பார்த்துக்கொள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இடவலச் சமநிலை முழுவதும் ஓட்டுபவரின் பொறுப்பு. மிதிவண்டியில் நடப்பதைப் போலவே, விழப்போகும் பக்கம் சக்கரத்தைத் திருப்பித்தான் அது காக்கப்படுகிறது. இதனால்தான் மெதுவாக ஓட்டுவது கடினமாகவும், ஓரளவு வேகத்தில் ஓட்டுவது எளிதாகவும் இருக்கிறது.

பெரும்பாலான ஒற்றைச்சக்கர வண்டிகளில் தனியாகப் பிரேக் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. சாயாமல் நிமிர்ந்து நிற்பது, ஓடுவது, ஓட்டத்தை நிறுத்துவது ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே மோட்டார் செய்கிறது. மிதிவண்டியில் சங்கிலி அறுந்தாலும் பிரேக் பிடிக்கலாம். இங்கே மோட்டார் நின்றால் மூன்றும் ஒரே கணத்தில் நின்றுவிடும்.

கையிருப்பு விசை என்றால் என்ன

மீண்டும் அந்தக் கம்பையே எடுத்துக்கொள்வோம். கம்பை ஏந்தியபடி நிதானமாக நடக்கும் ஒருவர், கம்பு திடீரென்று முன்னால் சாய்ந்தால் இரண்டு அடி வேகமாக எடுத்துவைத்து அதைக் காப்பாற்றிவிடுவார். ஏற்கெனவே தன்னால் முடிந்த அதிகபட்ச வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பவரால் அது முடியாது. அவரிடம் கூடுதல் வேகம் மிச்சமில்லை. கம்பு விழுந்தே தீரும். இந்த வண்டியின் விபத்துகளில் மிக மோசமான வகை இப்படித்தான் நிகழ்கிறது.

மோட்டார் சுழலும்போது அது ஒரு சிறு மின்னாக்கியாகவும் செயல்பட்டு, பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு எதிரான ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இதை எதிர்மின்னழுத்தம் என்று அழைப்போம். வேகம் கூடக்கூட எதிர்மின்னழுத்தமும் கூடும். அது பேட்டரியின் மின்னழுத்தத்தை நெருங்கும்போது மோட்டாருக்குள் மின்சாரத்தைத் தள்ள வழியில்லாமல் போகிறது. சக்கரத்தைத் திருப்பும் விசை சுழியத்தை நோக்கி இறங்குகிறது. குறிப்பிட்ட வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, சமநிலை காப்பதற்காக மோட்டாரிடம் இன்னும் எவ்வளவு விசை மிச்சம் இருக்கிறதோ அதையே இக்கட்டுரையில் கையிருப்பு விசை என்கிறேன்.

சமதளத்தில் சீராகப் போவதற்குக் கொஞ்சம் விசையே போதும். ஒரு பள்ளம், ஒரு வேகத்தடை, திடீர் எதிர்காற்று, ஒரு மேடு, ஓட்டுபவர் பதறி முன்னால் சாய்வது ஆகிய ஒவ்வொன்றும் ஒரு கணத்துக்கு மிகப்பெரிய விசையைக் கேட்கிறது. கையிருப்பு இருந்தால் வண்டி அதைக் கொடுக்கும். ஓட்டுபவருக்கு ஒரு சிறு குலுக்கல் மட்டுமே தெரியும். கையிருப்பு இல்லையென்றால் ஓட்டுபவர் கால் வைத்து நிற்கும் மிதிபலகை முன்னால் கவிழும்; ஓட்டுபவர் போய்க்கொண்டிருந்த அதே வேகத்தில் முகம் குப்புற விழுவார்.

கையிருப்பு நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பது பலர் அறியாத செய்தி. 20 மின்கலங்களைத் தொடராக இணைத்த ஒரு பேட்டரி, முழுதாக நிரம்பியிருக்கும்போது கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ட் வீதம் 84 வோல்ட் கொடுக்கும். கலம் ஒன்றுக்கு 3.2 வோல்ட்டாக இறங்கும்போது மொத்தம் 64 வோல்ட்தான். ஏறத்தாழ கால்பங்கு குறைந்துவிட்டது. நிரம்பிய பேட்டரியில் சுமையின்றிச் சுழற்றினால் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் சக்கரம், இப்போது சுமார் 46 கிலோமீட்டரைத்தான் எட்டும். காலையில் நிம்மதியாக ஓட்டிய வேகம் மாலையில் விளிம்பில் நிற்கலாம். குளிரும் ஓட்டுபவரின் எடையும் இந்தக் கணக்கை மேலும் இறுக்குகின்றன.

இதற்காகத்தான் வண்டிகளில் எச்சரிக்கை ஒலி இருக்கிறது. அதையும் தாண்டி வேகம் கூடினால், மிதிபலகையின் முன்பகுதி தானாக உயர்ந்து ஓட்டுபவரைப் பின்னால் சாயவைத்து வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு. அந்த ஒலியைத் தொந்தரவு என்று எண்ணி அணைத்து வைப்பது, எனக்குத் தெரிந்தவரை இந்த வண்டியில் செய்யக்கூடிய செயல்களிலேயே மிக ஆபத்தானது.

நேர்மாறான ஒரு சிக்கலும் உண்டு. இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும்போது மோட்டார் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பேட்டரி ஏற்கெனவே முழுதாக நிரம்பியிருந்தால் அந்த மின்சாரம் போக இடமில்லை. வண்டி எச்சரித்து வேகத்தைக் குறைக்கச் சொல்லும், கேட்காவிட்டால் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று குறுக்கிடவும் கூடும். மேட்டின் உச்சியிலிருந்து பயணத்தைத் தொடங்குபவர்கள் பேட்டரியை முழுதாக நிரப்பாமல் விடுவது நல்லது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒரே மோட்டார்தான் ஓட்டுபவரைச் சாயாமல் நிமிர்த்தி வைக்கிறது, வண்டியை ஓட்டுகிறது, நிறுத்துகிறது. வேகம் கூடும்போதும் பேட்டரி குறையும்போதும் அதன் கையிருப்பு சுருங்குகிறது. கையிருப்பு தீர்ந்த கணத்தில் வேறு எந்தப் பிடிமானமும் கிடையாது.

சட்டம் முதலில் கேட்கும் கேள்வி

சாலைச் சட்டங்கள் எதையும் அதன் தோற்றத்தைப் பார்த்து அனுமதிப்பதில்லை. இது எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் கேட்கின்றன. மிதிவண்டி என்றால் ஒரு தொகுதி விதிகள். மோட்டார் வாகனம் என்றால் பதிவு, உரிமம், காப்பீடு, விளக்கு, பிரேக் என வேறொரு தொகுதி. நடந்து போகிறவர் என்றால் இன்னொன்று. ஒற்றைச்சக்கர மின்வண்டிக்குக் காலால் மிதித்துச் சுழற்றும் மிதி கிடையாது, ஆகவே அது மிதிவண்டி ஆகாது. மோட்டார் இருப்பதால் மோட்டார் வாகனம் என்று கொண்டால், அந்த வகைக்குரிய பிரேக்கும் கண்ணாடியும் பதிவுத்தகடும் இதில் இல்லை. வகைகளுக்கு இடையே உள்ள இந்த இடைவெளியில்தான் வண்டி விழுந்து கிடக்கிறது. அதற்கென்று புதிதாக ஒரு வகையை உருவாக்கிய நாடுகளில் ஓட்டலாம். உருவாக்காத நாடுகளில் பெரும்பாலும் முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருசக்கர, மூன்றுசக்கர வாகனங்களுக்குப் பொதுத் தர ஒப்புதல் அளிக்கும் 2013ஆம் ஆண்டின் 168ஆம் ஒழுங்குமுறை, தானே சமநிலை காக்கும் வண்டிகளையும் இருக்கை இல்லாத வண்டிகளையும் தன் வரம்பிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. முடிவெடுக்கும் பொறுப்பு ஒவ்வொரு நாட்டிடமும் வந்து சேர்ந்தது. ஒரே வண்டி ஒரு நாட்டின் எல்லைக்கு இப்புறம் முறையானதாகவும் அப்புறம் தடைக்குரியதாகவும் இருப்பது இதனால்தான்.

நாடுகள் எடுத்த வெவ்வேறு முடிவுகள்

ஜெர்மனியில் சிறு மின்வண்டிகளுக்கான ஆணை 2019 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேக வரம்பும் காப்பீட்டு ஒட்டியும் கொண்ட மின் ஸ்கூட்டர்களை அது சாலைக்கு அனுமதித்தது. ஆனால் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கட்டாயம் இருக்க வேண்டும் என்று அது சொல்வதால், ஒற்றைச்சக்கர வண்டி அந்த வகைக்குள் நுழையவில்லை; பொதுச்சாலையில் அதற்கு அனுமதி இல்லை. நியூயார்க் மாநிலம் 2020இல் மின் ஸ்கூட்டரை அனுமதித்தபோது அதன் வரையறையிலேயே கைப்பிடியைச் சேர்த்தது, விளைவு அதேதான்.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 2019 அக்டோபரில் வெளியான ஆணை, தனிநபர் மின்வண்டிகள் என்ற வகையில் ஒற்றைச்சக்கரத்தையும் சேர்த்துக்கொண்டது. மிதிவண்டிப் பாதை இருந்தால் அதில்தான் ஓட்ட வேண்டும். இல்லையென்றால் ஊர் எல்லைக்குள் 50 கிலோமீட்டர் அல்லது அதற்குக் குறைந்த வேக வரம்புள்ள சாலைகளில் ஓட்டலாம். நகராட்சி தனியாக அனுமதித்தால் ஒழிய நடைபாதையில் ஓட்டக் கூடாது. ஓட்டினால் 135 யூரோ அபராதம். காப்பீடு கட்டாயம். காதில் ஒலிக்கருவி வைத்துக்கொள்ளவும் இருவராக ஏறவும் தடை. ஸ்பெயினிலும் 2021 ஜனவரி முதல் இவ்வண்டிகள் 25 கிலோமீட்டர் வரம்புடன் ஒரு தனி வகை. நடைபாதை, ஊர்களை இணைக்கும் சாலை, நகரச் சுரங்கப்பாதை ஆகியவற்றில் அவற்றுக்கு இடமில்லை.

சிங்கப்பூரின் வரலாறு கவனிக்கத்தக்கது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி 20 கிலோகிராம் எடை, 70 சென்டிமீட்டர் அகலம், 25 கிலோமீட்டர் வேகம் ஆகியவற்றுக்குட்பட்ட தனிநபர் வண்டிகள் நடைபாதையிலும் மிதிவண்டிப் பாதையிலும் ஓடின. 2019 நவம்பர் 5 முதல் மின் ஸ்கூட்டர்களுக்கும், 2020 ஏப்ரல் முதல் ஒற்றைச்சக்கரம் உள்ளிட்ட மற்ற மோட்டார் வண்டிகளுக்கும் நடைபாதை மூடப்பட்டது. சாலையிலும் அனுமதி இல்லாததால் மிதிவண்டிப் பாதைகளும் பூங்கா இணைப்புப் பாதைகளும் மட்டுமே மிஞ்சின. யுஎல் 2272 என்னும் தீப்பாதுகாப்புத் தரத்தை வண்டி பெற்றிருக்கவும் வேண்டும்.

பிரிட்டன் புதிய வகை எதையும் உருவாக்கவில்லை. 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி ஒற்றைச்சக்கர மின்வண்டி ஒரு மோட்டார் வாகனம். அதற்குரிய காப்பீடு நடைமுறையில் கிடைப்பதில்லை என்பதால் சாலையில் ஓட்ட முடியாது. நடைபாதையில் வண்டி ஓட்டுவதை 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டமே தடுக்கிறது. மோட்டார் என்ற ஒன்று தெருவுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பு எழுதப்பட்ட சட்டம் அது. 2020 முதல் நடந்துவரும் வாடகை மின் ஸ்கூட்டர் சோதனைகள் ஒற்றைச்சக்கரத்துக்குப் பொருந்தா. உரிமையாளரின் ஒப்புதலுடன் தனியார் நிலத்தில் ஓட்டலாம். காப்பீடின்றிச் சாலையில் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதமும் ஓட்டுநர் உரிமத்தில் 6 தண்டனைப் புள்ளிகளும் விழலாம். வண்டியைப் பறிமுதல் செய்யவும் காவல்துறைக்கு அதிகாரம் உண்டு.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் இவை எல்லாவற்றுக்கும் மாறாக நடைபாதையையே திறந்துவிட்டது. ஆனால் 2022 நவம்பர் முதல் அங்கே வேகம் மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, தலைக்கவசமும் கட்டாயம்.

ஆக, 'கைப்பிடி உண்டா', 'வடிவமைப்பு வேகம் எவ்வளவு', 'எந்தப் பாதை' என்ற மூன்று கேள்விகளுக்குப் பெரும்பாலான சட்டங்கள் பதில் வைத்திருக்கின்றன. ஒரு நாட்டின் பதிலை இன்னொரு நாட்டுக்கு எடுத்துச்செல்ல முடியாது.

வேக வரம்பும் கையிருப்பும் மோதும் இடம்

பிரான்சின் விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. 25 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டினால் போதாது. வண்டியே அதற்கு மேல் போக முடியாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். மீறினால் அபராதம் 1500 யூரோ வரை போகும். 50 கிலோமீட்டர் போகக்கூடிய வண்டியில் 20 கிலோமீட்டரில் சென்றாலும் குற்றம்தான்.

கையிருப்பு விசையைப் புரிந்துகொண்டவருக்கு இது நெருடும். 50 போகக்கூடிய வண்டியை 25இல் ஓட்டும்போது கையிருப்பு ஏராளம். அதிகபட்சம் 28 எட்டக்கூடிய மலிவான, சக்தி குறைந்த வண்டியை 25இல் ஓட்டும்போது ஒரு சிறு பள்ளமே வீழ்த்திவிடும். சட்டம் சாலையில் இருக்கும் மற்றவர்களை எண்ணி உச்சவேகத்தைப் பார்க்கிறது. அதுவும் நியாயமே, ஏனெனில் 50 போகக்கூடிய வண்டியை எல்லாரும் 25இல் ஓட்டுவார்கள் என்று நம்ப இயலாது. சக்தி மிகுந்த மோட்டாரையும் பேட்டரியையும் வைத்து, வேகத்தை மட்டும் ஓட்டுபவரால் மாற்ற முடியாதபடி தயாரிப்பிலேயே கட்டுப்படுத்துவதுதான் இரண்டு நோக்கங்களையும் நிறைவேற்றும் வழி என்று கருதுகிறேன். சட்டத்தின் வரம்புக்குள் வாங்குபவர்கள் உச்சவேகத்தை மட்டும் பார்க்காமல், அந்த வேகத்துக்கு மேல் மோட்டாரிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் விசாரிக்க வேண்டும்.

பாதுகாப்பான இடம் எது

அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்கு வருவோம். நிற்கும் தூரத்தைக் கணக்கிட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். ஆபத்தை உணர்ந்து செயல்பட ஒரு நொடி ஆகும் என்றும், அதன்பின் நொடிக்கு நொடி 4 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்றும் கொண்டால், நிற்பதற்குச் சுமார் 13 மீட்டர் வேண்டும். 50 கிலோமீட்டரில் அதே கணக்கு 38 மீட்டரைத் தாண்டும். வேகம் இருமடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது. கண்ணுக்குத் தெரியும் தூரம் இந்த அளவுக்குக் குறைவாக உள்ள வளைவுகளும், கதவு திறக்கக்கூடிய கார்கள் நிற்கும் ஓரங்களும் அந்த வேகத்துக்கு உரிய இடங்கள் அல்ல.

அடுத்து, சுற்றியிருப்பவர்களின் வேகம். நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறார். மிதிவண்டி 15 முதல் 20 வரை போகிறது. கார் 50 போகிறது. 20 கிலோமீட்டரில் ஓடும் ஒற்றைச்சக்கரம் இயல்பாகப் பொருந்துவது மிதிவண்டிகளோடுதான். பிரிக்கப்பட்ட மிதிவண்டிப் பாதைதான் சட்டமும் இயற்பியலும் ஒத்துப்போகும் அரிய இடம். நடைபாதையில் 12 கிலோமீட்டருக்குக் கீழே போ என்று குயின்ஸ்லாந்து சொல்வது நடப்பவர்களுக்கு நல்லது. ஆனால் மெதுவாக ஓட்டுவதே கடினமான திறமை என்று முன்பு பார்த்தோம். கற்றுக்கொண்டிருப்பவர் கூட்டத்துக்கு நடுவே ஊர்ந்து போக முயல்வது, அனுமதி இருந்தாலும், தவிர்க்க வேண்டியது.

தளத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு டயர் தரையைத் தொடுவதால், அது வழுக்கினால் தாங்க இரண்டாவது டயர் இல்லை. டிராம் தண்டவாளம், ஈரமான இரும்பு மூடி, மழையில் நனைந்த சாலைக்கோடு, ஈர இலைகள் ஆகியவற்றைச் சாய்ந்து திரும்பியபடி கடக்கக் கூடாது. நேராக, சாய்வின்றிக் கடக்க வேண்டும். தேங்கிய தண்ணீர் பள்ளத்தின் ஆழத்தை மறைக்கிறது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கைப்பிடி இல்லாததால் விழும்போது கைகள் தாமாகவே முன்னால் நீளும். ஆகவே தலைக்கவசத்துக்கு அடுத்தபடியாக மணிக்கட்டுக் காப்பு முக்கியமானது. முழங்கால் காப்பு அதற்கு அடுத்தது. வேகமாக ஓட்டுபவர்கள் தாடையையும் மூடும் தலைக்கவசத்தை அணிவதற்கு, முன்பு விளக்கிய குப்புற விழும் முறையே காரணம்.

ஓட்டாமல் எடுத்துச் செல்லும்போதும் விதிகள் உண்டு

லண்டன் போக்குவரத்து அமைப்பு 2021 டிசம்பர் 13 முதல் தனியார் மின் ஸ்கூட்டர்களையும் ஒற்றைச்சக்கர மின்வண்டிகளையும் தன் இரயில்களிலும் பேருந்துகளிலும் தடைசெய்தது. பேட்டரி தீப்பிடித்த நிகழ்வுகளே காரணம். விமானங்களில் பொதுவாக 100 வாட்மணி (பேட்டரி தேக்கும் ஆற்றலின் அலகு) வரையிலான லித்தியம் பேட்டரிகளுக்கும், நிறுவனத்தின் ஒப்புதலுடன் 160 வாட்மணி வரையிலானவற்றுக்கும் இடமுண்டு. ஒற்றைச்சக்கர வண்டிகளின் பேட்டரிகள் பெரும்பாலும் இதைவிடப் பல மடங்கு பெரியவை; விமானத்தில் எடுத்துச் செல்லலாம் என்று எண்ணிப் பயணம் திட்டமிடக் கூடாது.

உங்கள் ஊரின் விதியைக் கண்டறிவது எப்படி

முதலில் நாட்டின் அல்லது மாநிலத்தின் போக்குவரத்துத் துறை தனிநபர் மின்வண்டிகளுக்கென்று ஒரு வகையை வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அதன் வரையறையைச் சொல்லுக்குச் சொல் படித்து, சக்கர எண்ணிக்கை, கைப்பிடி, பிரேக், எடை, வேகம் ஆகியவற்றில் உங்கள் வண்டி பொருந்துகிறதா என்று ஒப்பிட வேண்டும். 'மின் ஸ்கூட்டர் அனுமதிக்கப்பட்டது' என்ற செய்தித் தலைப்பு ஒற்றைச்சக்கரத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதன்பின் நகராட்சி, பூங்கா நிர்வாகம், கல்லூரி வளாகம் போன்றவற்றின் தனி விதிகளைப் பார்க்க வேண்டும்; மேலே உள்ள சட்டம் அனுமதித்ததைக் கீழே உள்ள அமைப்பு தன் எல்லைக்குள் தடுக்கலாம். தனியார் நிலம் என்றாலும் உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். வேலி இல்லாத, பொதுமக்கள் நடமாடும் கார் நிறுத்துமிடத்தைப் பல நாடுகளின் சட்டம் பொது இடமாகவே கருதுகிறது என்பதால், பழகுவதற்கு அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும்.

கடைசியாக, படிக்கும் விதியின் தேதியைப் பாருங்கள். சிங்கப்பூரின் நடைபாதை இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது. பிரான்சில் ஓட்டுவதற்கான குறைந்தபட்ச வயது 2023இல் 12இலிருந்து 14ஆக உயர்ந்தது. சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் தடையின்றி ஓட்டிய பாதையில் இந்த ஆண்டு உங்களுக்கு அனுமதி இருக்கும் என்று கொள்ள முடியாது. அந்தந்தத் துறையின் நடப்பு விதியையே பார்க்க வேண்டும், அங்கே தெளிவில்லையென்றால் அவர்களிடமே எழுத்து மூலம் கேட்டுப் பதிலைப் பாதுகாத்து வைக்க வேண்டும்.